காலை முதல் பீரியட்

சேலம்
10.5.1998

அன்புத் தம்பி சௌந்தரராஜனுக்கு,

அக்கா நாகமணி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மதுரை முனிச்சாலையில் நீ, ஹம்சவேணி, கார்த்திகேஷ் எல்லோரும் சுகம்தானே? உன் முதுகுவலிக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாயா?

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்குச் சோறு இறங்கவில்லை. பிருந்தா ஒன்பதாவது பாஸ் ஆகிவிட்டாள். சந்தோஷமாக ரிப்போர்ட் கார்டு வாங்கப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பத்தாவதில் அவர்கள் பள்ளி வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சியாம். கணக்கில் தடுமாறும் என் பெண்ணால் அந்தப் பெயர் கெட்டுவிடுமாம். டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார். "ஆறாவதுலருந்து நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். "வீட்டுல அக்கறை இல்லாட்டி நாங்க என்ன செய்யிறது?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் அடைத்தது என்றால் நீ நம்பமாட்டாய்.

வேறு பள்ளிகளில் கேட்டேன். ஏன் அங்கிருந்து அனுப்பினார்கள் என்று விசாரித்துவிட்டு இடமில்லை என்கிறார்கள். உன் அத்தானோ, பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் வீட்டில் தறி இருக்கிறது, தாரில் நூல் சுற்ற உட்காரட்டும் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப் போனவர்.

எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. எழுமலைப் பக்கம் உன் பள்ளியில் பத்தாவதுக்கு நீதான் கணக்கு வாத்தியார். பிருந்தா உன் வீட்டில் தங்கி, உன் வகுப்பிலேயே உட்காரட்டும். தாய்மாமனைவிட வேறு யார் அவளைக் கவனிப்பார்கள்? உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா நாகமணி


மதுரை
19.5.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம், உங்கள் மூவரின் நலமும் அறிய ஆவல். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. தினமும் போகவும் வரவும் பஸ்ஸில் குலுங்கினால் எந்த எண்ணெய் என்ன செய்யும்?

பிருந்தா விஷயம் கேட்டு மிகவும் வருந்தினேன். ஆனால் எங்கள் பள்ளி அவளுக்குச் சரிப்படாது அக்கா. அது பட்டிக்காடு. தண்ணீர் ஒழுங்காக வராது. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. வெயில் வேறு மண்டையைப் பிளக்கும். போன வருஷம் கணக்கில் பாதிக்கு மேல் பெயில். கல்வி அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டு மெமோ வந்தது. நான் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கே ஆத்திரமாக வந்தது. தொடக்கப் பள்ளியில் வகுத்தல்கூடச் சொல்லித் தராமல் தள்ளிவிடுகிறார்கள். அறுவடை என்றால் பெற்றோர் பிள்ளைகளை வயலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். என் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், பள்ளிப் படி ஏறிக் கேட்டதில்லை.

எங்கள் ஹெட்மாஸ்டர் அனந்தநாராயணன் சார் தங்கமான மனிதர். பிள்ளைகளின் மூளை தெளிவாக இருக்கும் நேரம் என்று கணக்கைத் தினமும் காலை முதல் பீரியடில் போட்டிருக்கிறார். இதற்குமேல் ஒரு பள்ளிக்கூடம் என்ன செய்ய முடியும், சொல்.

பிருந்தாவுக்கு மதுரையிலேயே நல்ல பள்ளியாகப் பார்க்கிறேன். அவசரப்பட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சௌந்தரராஜன்


சேலம்
30.5.1998

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். உடம்பு எல்லோருக்கும் தேவலையா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ விசாரித்த மதுரைப் பள்ளிகளும் கைவிரித்துவிட்டன என்று பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டு ஹம்சவேணி சொன்னாள். அதை எழுத உனக்கு ஒரு கார்டு கிடைக்கவில்லையாக்கும்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். தண்ணீர் வராது என்று எழுதியிருக்கிறாய். கதவு இல்லை, வெயில் என்று எழுதியிருக்கிறாய். அங்கே கணக்கு வாத்தியார் எப்படி என்று ஒரு வரி இல்லையே தம்பி? அவர் நல்லவர்தானே?

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்கிறாய். எனக்கும் அதே பட்டம்தான் கொடுத்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். பிருந்தா பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியும். அந்த எக்ஸும் ஒய்யும் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லித் தரத்தானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்? நாங்கள் நெய்கிற சேலையில் இழை விட்டுப் போனால், கட்டிக்கொள்பவளுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் சொல்லலாமா?

அத்தான் தார் சுற்றும் ராட்டையை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டார். அவரிடம் சண்டை போட்டு ஒரு வருஷம் வாங்கியிருக்கிறேன். பப்ளிக் பரீட்சையில் பாஸ் என்றால் மேலே படிப்பு, பெயில் என்றால் தறி. அதனால் நீ பார்த்தது போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் பிருந்தாவும் பெட்டியோடு வாரோம்.

அன்புடன்,
அக்கா


மதுரை
28.6.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம் அறிந்தோம். இங்கு யாவரும் சௌக்கியம், பிருந்தாவும்தான்.

அட்மிஷன் நல்லபடியாக முடிந்தது. ஹெட்மாஸ்டர் சார், "உங்க அக்கா பொண்ணா? அப்ப நம்ம வீட்டுப் பொண்ணு" என்று ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பள்ளியில் கார்டியன் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். காலையில் என்னோடு எட்டு மணி பஸ்ஸில் வருகிறாள். டிரைவர் தெரிந்தவர். எங்கள் ஆசிரியர்களுக்கு என்றே முன்பக்கம் இடம் விட்டு வைப்பார். திருமங்கலத்தில் ஹெட்மாஸ்டரும் ஏறிக்கொள்வார். பிருந்தாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைக்கிறது. வீட்டில் தமிழ் கலக்காமல் நம் பாஷையிலேயே பேசிக்கொண்டிருப்பதால் அவளுக்கு வேற்று இடம் என்றே தோன்றவில்லை. கார்த்திகேஷுக்கு அக்கா வந்ததில் தலைகால் புரியவில்லை.

பள்ளி எப்படி என்று கேட்டிருந்தாய். போகப் போகப் பழகிவிடும். நீ கவலைப்படாமல் இரு.

இப்படிக்கு,
சௌந்தரராஜன்


மதுரை
12.7.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

பிருந்தா எழுதுவது. நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

அத்தை என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். பள்ளியும் பிடித்திருக்கிறது. முதல் நாள் மட்டும் அழுதேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் போகும் பஸ் பள்ளி வாசலில் நிற்கும்போது முதல் பீரியட் முடிகிற நேரம் ஆகிவிடும். முதலில் ஹெட்மாஸ்டர் இறங்குவார், பிறகு சார்கள், டீச்சர்கள். எல்லோரும் நேரே உள்ளே போவார்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து வழியோரத்துக் கிராமங்களின் பிள்ளைகள் இறங்குவார்கள். பி.டி. சார் பேயாண்டி உள்ளூர்க்காரர். அவர்தான் பிரேயர் நடத்துவார், கேட்டிலும் நிற்பார். லேட்டாக வந்த பிள்ளைகளை அங்கேயே வெயிலில் வரிசையாக நிறுத்திவிடுவார். என்னையும் நிறுத்தினார். மாமா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் நம் பாஷையில், "மாமா, நீங்களும் இப்பத்தானே வந்தீங்க?" என்று கூப்பிட்டேன். அங்கே வேறு யாருக்கும் அது புரியாது. மாமா திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

முதல் பீரியட் தினமும் கணக்குதான். சார் வரும்வரை கிளாஸ் லீடர் ராமக்காள் எல்லோரையும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வாளாம். நான் புரியாமல், அது என்ன பீரியட் என்று கேட்டேன். "அதுதான் பஸ் பீரியட்" என்றாள். அந்த சார் என் மாமா என்று அப்போது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாமா நல்லவர் அம்மா. வேறு பீரியட் காலியாகக் கிடைத்துக் கணக்கு எடுக்கிற அன்றைக்கு நன்றாகப் புரிகிற மாதிரி எடுக்கிறார். நீ அவரிடம் ஒன்றும் கேட்காதே.

உன் மகள்,
பிருந்தா


சேலம்
20.7.1998

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நலம், நலமே விழைகிறேன்.

பிருந்தா கடிதம் போட்டிருந்தாள். ஹம்சவேணி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளாம். ரொம்பச் சந்தோஷம். அங்கே வெயில் அதிகம் என்று நீ முன்பே எழுதியிருந்தாய். சரிதான் போலிருக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். அந்த ஊருக்கு எட்டு மணிக்கு முந்தி பஸ்ஸே கிடையாதா?

ஆடி பிறந்துவிட்டதால் தறி வேலை கொஞ்சம் மந்தம். அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


மதுரை
3.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நலம். உங்கள் நலம் நாடுகிறேன்.

பிருந்தா என்ன எழுதினாள் என்று அவளிடம் கேட்டேன், சொல்ல மறுக்கிறாள். எதுவாக இருந்தாலும் இப்போது சரி செய்துவிட்டேன். பி.டி. சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், இனிமேல் பிருந்தாவைக் கேட்டில் நிறுத்தமாட்டார்.

பஸ் பற்றிக் கேட்டாய். ஆறு மணிக்கு ஒன்று இருக்கிறது. அதில் போக வேண்டுமானால் ஹம்சவேணி விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். எனக்கு இந்த முதுகோடு முடியுமா? எங்கள் ஆசிரியர்கள் யாருமே அதில் போவதில்லை. நான் ஒருவன் போய் என்ன ஆகப்போகிறது? பஸ் விடுவது அரசாங்கம், டைம் டேபிள் போடுவது ஹெட்மாஸ்டர், என்னை அந்த ஊருக்குப் போட்டது கல்வித் துறை. மதுரைக்குப் பக்கமாக மாற்றல் கேட்டு எத்தனை மனு எழுதியிருப்பேன்! கடைசியில் எல்லோரும் கை நீட்டுவது வாத்தியாரைத்தான்.

நீ என்னைக் கை நீட்டியதாகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். பதில் போடவும்.

இப்படிக்கு,
சௌந்தரராஜன்


மதுரை
11.10.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆகஸ்டில் போட்ட கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. நலமாக இருக்கிறாய் என்று பிருந்தாவுக்கு வரும் கடிதங்களைக் கொண்டு தெரிந்துகொள்கிறேன். அவற்றில் எனக்கு ஒரு வரிகூட இல்லை. என்மேல் கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது.

உன் மகளும் உன்னைப் போலத்தான். பி.டி. சார், "நீ உள்ள போ தாயி" என்று சொல்லியும் அவள் போவதில்லை. "நானும் இந்தப் பஸ்ஸுலதானே சார் வந்தேன்" என்று சொல்லி, மற்றப் பிள்ளைகளோடு வெயிலில் நிற்கிறாள். தினமும் நான் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. போகிறேன்.

எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாகப் புழுங்கிக்கொண்டிருந்த விஷயம் இனிதான். காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்தினேன். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கிய தாள்களில் நான் சிவப்பு மையால் ஒரு வரி எழுதுவது வழக்கம். 'வீட்டில் கவனிக்கவும்' என்று. வேலைக்கு வந்த நாளிலிருந்து எழுதுகிறேன். மேலே இருப்பது யார் பெயர் என்றுகூடப் பார்க்கமாட்டேன், கை தானாக எழுதிவிடும். அதை வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

அன்று சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பிருந்தா ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மாமா, கார்டியன் கையெழுத்து" என்றாள். இருபத்திரண்டு மார்க். அடியில் என் கையெழுத்தில், வீட்டில் கவனிக்கவும்.

ஹம்சவேணி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். "ஏங்க, யாரு வீட்டுலங்க கவனிக்கணும்?" என்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பிருந்தா சிரிக்கவில்லை. பேனாவை நீட்டியபடி நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. சட்டையைக் கழற்றித் தெருவில் நிறுத்திய மாதிரி இருந்தது.

அந்தத் தாளில் இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று விசாரித்தேன். பப்ளிக் பரீட்சைக்குப் பெயர்கள் அனுப்பியாகிவிட்டது, இனி முடியாதாம். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. தொடக்கப் பள்ளியைச் சொல்லவா, ஹெட்மாஸ்டரைச் சொல்லவா, பஸ்ஸைச் சொல்லவா? யாரைச் சொன்னாலும் அந்தச் சிவப்பு எழுத்து என்னுடையதாகவே இருக்கிறது. நீயாவது ஏதாவது சொல்லேன்.

உன் தம்பி,
சௌந்தரராஜன்


சேலம்
15.10.1998

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். தீபாவளி முடிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன், உன் கடிதம் வந்ததும் பொறுக்கவில்லை. அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ தூங்கவில்லை என்று எழுதியிருப்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏன் பதில் போடவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். கேட்டில் நடந்தது எனக்கு ஜூலையிலேயே தெரியும். படித்த அன்று உன்னை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் பிள்ளை உன் கையில் இருக்கிறாள். நான் கோபமாக ஏதாவது எழுதி, நீ அதை அவளிடம் காட்டிவிட்டால்? சரி, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டால்? கூடப் பிறந்த தம்பியிடமே எனக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் வெயில் அதிகம் என்று எழுதினேன்.

அந்த ஊர்க்காரர்கள் ஒருவர்கூடப் படி ஏறி வந்து கேட்டதில்லை என்று எழுதினாய் அல்லவா? அவர்களுக்கும் பிள்ளை உங்கள் கையில்தான் இருக்கிறது. அக்கறை இல்லாமல் இல்லை தம்பி. பயந்துகொண்டு இருக்கிறார்கள்.

இப்போது எனக்குப் பயம் விட்டுப்போயிற்று, அதனால் நேராகவே சொல்கிறேன். ஆறு மணி பஸ்ஸில் ஏறு. முதுகு வலித்தால் வலிக்கட்டும், நான் இன்னொரு பாட்டில் எண்ணெய் அனுப்புகிறேன். யார் தப்பு என்று யோசிப்பதை அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு யோசி.

அன்புடன்,
அக்கா


மதுரை
8.11.1998

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகம். எண்ணெய் வந்தது, தேய்க்கிறேன்.

தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து நானும் பிருந்தாவும் ஆறு மணி பஸ்ஸில்தான் போகிறோம். ஹம்சவேணி ஆகாத்தியம் பண்ணுவாள் என்று நினைத்தேன். "எட்டு மணி பஸ்ஸுக்கும் இதே இட்லிதானே?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இத்தனை வருஷம் நான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது வீண்.

முதல் நாள் கேட்டில் என்னைப் பார்த்ததும் பி.டி. சார் ஓடி வந்தார். "சார், என்ன இம்புட்டு வெள்ளன வந்துட்டீக? ஊர்ல யாரும் தவறிட்டாகளா?" என்றார். மணி அடித்ததும் பத்தாவது வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் எழுந்து நிற்கவில்லை. நான் எதையோ எடுத்துப் போக வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான் சாக்பீஸை எடுத்ததும் ராமக்காள் எழுந்து, "பஸ்ஸு இன்னிக்கு முந்தி வந்துருச்சா சார்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை அக்கா. நிஜமாகவே கேட்டாள். பஸ் முந்தி வரவில்லை, நான்தான் வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். "நோட்டை எடு" என்றுதான் வாயில் வந்தது.

மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். பாதி வகுப்பு நாலில் ஒன்று என்றது. பரீட்சைக்கு இன்னும் எம்புட்டு நாள்தான் இருக்கிறது? பின்னத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ஹெட்மாஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நீங்க நேரத்துக்கு வர்றது சந்தோஷம்தான். ஆனா ஆபீஸ்லருந்து வந்து, அப்ப மத்தவங்க ஏன் வரலைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கணக்கை மூன்றாவது பீரியடுக்கு மாற்றித் தருகிறேன், பழையபடி எங்களோடு வாருங்கள் என்றார். "காலையிலதான் மூளை தெளிவா இருக்கும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன். அதற்கப்புறம் சாயங்கால பஸ்ஸில் எனக்கு யாரும் இடம் போடுவதில்லை. நின்றுகொண்டு வருகிறேன்.

எட்டு மணி பஸ்ஸில் வரும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் இன்னும் கேட்டில்தான் நிற்கிறார்கள். பத்தாவதுப் பிள்ளைகளை மட்டும் உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வருவதற்குள் பீரியட் முடிகிற நேரம் ஆகிவிடுகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பச் சொல்லித் தருகிறேன்.

பிருந்தா தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
சௌந்தரராஜன்


மதுரை
30.5.1999

மரியாதைக்குரிய ராஜேஷ்குமார் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் சௌந்தரராஜன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் உடம்பு இப்போது தேறியிருக்கும் என நம்புகிறேன். வழக்கமாக அக்காவுக்கு எழுதுவேன். இதைத் தங்களுக்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

ரிசல்ட் தங்களுக்குத் தெரிந்திருக்கும். பிருந்தா மற்ற எல்லாப் பாடங்களிலும் பாஸ். கணக்கில் முப்பத்தொன்று. ராமக்காளும் இன்னும் சிலரும் தேறிவிட்டார்கள். மொத்தத்தில் போன வருஷத்தைவிடப் பரவாயில்லை என்று பள்ளியில் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. பிருந்தாவைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டபோது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாஸ் இல்லையென்றால் தறி என்று தாங்கள் அக்காவிடம் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். சொன்ன சொல் சொன்னதுதான் என்று தாங்கள் இருந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தங்கள் மகளோ தாங்களோ எதிலும் குறை வைக்கவில்லை. பள்ளி திறந்ததிலிருந்து தீபாவளி வரை, தினமும் அவளுக்குக் கணக்கு நடத்த வேண்டிய நேரத்தில் நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டில் நின்றாள். அதற்கப்புறம் நான் ஓடியது போதவில்லை.

இந்த முறையும் அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பெற்றோரின் அக்கறையின்மை என்று ஹெட்மாஸ்டர் எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. கணக்கு ஆசிரியர் பாதி வருஷம் முதல் பீரியடுக்கு வரவில்லை என்று தனியாக எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என்ன நடவடிக்கை வருமோ என்று ஹம்சவேணி அழுகிறாள். வரட்டும்.

செப்டம்பரில் கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதலாம். அதுவரை பிருந்தாவை என்னிடம் அனுப்பி வையுங்கள். ஆறு மணி பஸ்ஸிலும் சொல்லித் தருவேன், வீட்டிலும் சொல்லித் தருவேன். அத்தான், பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். அவள் முப்பத்தொன்று வாங்கிவிட்டாள். மீதி நாலு நான் வாங்கித் தந்திருக்க வேண்டியது. அதற்காக அவளை ராட்டையில் உட்கார வைக்காதீர்கள்.

பணிவுடன்,
சௌந்தரராஜன்


சேலம்
6.6.1999

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் சுகமா? ஹம்சவேணியை அழ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் கடிதத்தை அத்தானுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். பாதியில் தறியை நிறுத்திவிட்டார். பிருந்தா உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆமாம், ரிசல்ட் வந்த மறுநாளே உட்கார வைத்துவிட்டார், உனக்கு எழுத மனசு வரவில்லை. படித்து முடித்ததும், "தப்பு தன்னோடதுன்னு எழுதிக் குடுத்த வாத்தியார இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். உள்ளே பார்த்து, "பிருந்தா, எந்திரி. பெட்டிய எடு" என்றார். ராட்டைச் சத்தம் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு வாரேன். செப்டம்பரில் பாஸ் பண்ணினால்தான் மேலே பேச்சு என்று அத்தான் சொல்கிறார். அதில் அவர் இறங்கி வரமாட்டார், நானும் கேட்கப் போவதில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். எழுதலாமா என்று யோசித்தேன். நமக்குள் இனி மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? "கார்த்திகேஷுக்கு இந்த வருஷம் ஆறாவதாச்சே. உன் தம்பி தன் பையன எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறான்? தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துலயா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீயும் கடிதத்தில் எழுத வேண்டாம். புதன்கிழமை நேரில் சொல்.

அன்புடன்,
அக்கா நாகமணி